கண்ணாடியை இறக்கியது யார்?

மாமாவின் கார்ப் பாட்டு செட்டில் இருந்த அந்தத் திருகை நான் தொட்டேன். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை, அதுவும் என்னதான் செய்கிறது என்று பார்ப்பதற்காகக் கால் சுற்று திருகி, உடனே பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிட்டேன். அதை மாமா பார்த்துவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் காரில் என்ன கோளாறு வந்தாலும் அதற்கு நான்தான் காரணம் என்று வீட்டில் ஓர் எழுதாத சட்டம் வந்துவிட்டது. இதைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு இன்றைக்கும் காது சூடாகிறது. எத்தனை வருஷம் ஆயிற்று, விட்டுத்தொலை என்பார் என் கணவர். அவருக்கென்ன, பழி விழுந்தது அவர் தலையிலா?

மாமா என்றால் அம்மாவின் தம்பி. துபாயில் வேலை. நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் மூன்று மாத லீவில் பாளையங்கோட்டைக்கு வந்து எங்கள் வீட்டில்தான் தங்கினார். வந்த வாரமே ஒரு பழைய மாருதி காரை வாங்கி வாசலில் நிறுத்தினார். கார்தான் பழசு. அதற்குள் வைப்பதற்கென்று அவர் அங்கிருந்து அட்டைப்பெட்டியில், பனியனும் போர்வையும் சுற்றிப் பச்சைப் பிள்ளையைப் போலக் கொண்டுவந்திருந்த செட்டும் ஸ்பீக்கரும் புத்தம் புதுசு. ஸ்பீக்கர் எங்கள் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது. பேட்டையில் கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டுகிற அண்ணாச்சி ஒருவர், அதற்கு அளவெடுத்துப் பலகையில் பெட்டி அடித்து, பின் சீட்டுக்குப் பின்னால் பொருத்திக் கொடுத்தார்.

எங்கள் வீட்டு வாசலில் கிறிஸ்தவப் பாட்டு தவிர வேறு பாட்டு ஒலிக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அப்பா பள்ளிக்கூடத்தில் தலைமை எழுத்தர், வீட்டிலும் அப்படித்தான். மாமா அதற்கும் வழி கண்டுபிடித்தார். மேளமும் கிட்டாரும் போட்டு முழங்குகிற ஒரு பக்திப்பாட்டு கேசட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். என்னை உள்ளே உட்காரவைத்து, நாலு கண்ணாடியையும் ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, கேசட்டைத் தள்ளினார். பாட்டு என் காதுக்கு வரவில்லை. வயிற்றுக்கு வந்தது. சீட்டு அதிர்ந்தது, முதுகு அதிர்ந்தது, நெஞ்செலும்பை யாரோ உள்ளேயிருந்து தட்டுகிற மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு சார் துண்டோடு வெளியே வந்து, லாரி எதுவும் தெருவுக்குள் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்.

“இதுக்குப் பேருதாம் பேஸு. நெஞ்சுல வந்து இடிக்கணும்” என்றார் மாமா, இடித்ததே தான்தான் என்கிற பெருமையோடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் ஸ்ரீவைகுண்டத்துக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டோம். மாமா ஓட்ட, அப்பா முன்னால். அம்மாவும் நானும் பின்னால். மாமா முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு பச்சை சென்ட் பாட்டில் வைத்திருந்தார். அந்த வாடை தலை வலிக்கிறது என்று சொல்லி அம்மா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். சரி, காற்று வரட்டும் என்று மாமாவும் ஏ.சி.யை அணைத்துவிட்டுத் தன் பக்கத்தை இறக்கிக்கொண்டார். பிறகு கேசட்டைப் போட்டார். பாட்டுக்காரரின் குரல் வந்தது, கிட்டார் வந்தது, ஜால்ரா வந்தது. இடி மட்டும் வரவில்லை. மாமா சத்தத்தைக் கூட்டினார். தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுகிற சத்தம்தான் கூடிற்று.

மறுநாள் மாமா தனியாகப் பேட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் இடி இடியென்று இடித்ததாம். எங்கிட்ட நல்லாத்தானய்யா அடிக்கி என்று அண்ணாச்சி கையை விரித்துவிட்டாராம். இரண்டு நாள் கழித்து அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். அம்மா கண்ணாடியை இறக்கினாள், பேஸ் செத்துவிட்டது. மாமா எங்களை வீட்டில் இறக்கிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்தார், பேஸ் பிழைத்துவிட்டது. இத்தனையும் கண் முன்னால் நடக்கிறது. இருந்தும் துபாய் போய் வந்தவருக்கும் கச்சேரிக்குக் கச்சேரி மைக் கட்டியவருக்கும் கண்ணாடி ஞாபகம் வரவில்லை. வந்ததெல்லாம் என் ஞாபகம்தான்.

“ஏட்டி, உண்மையச் சொல்லு. எதத் திருகுன?” மாமா என்னைக் காருக்கு முன்னால் நிறுத்திக் கேட்டார்.

“நான் ஒண்ணும் தொடல மாமா.”

“நீ ஏறுனா மட்டும் சாவுது. எறங்குனா உசுரு வருது. அப்ப நான் தொட்டனா? உங்கம்மா தொட்டாளா?”

“அன்னைக்குத் திருகுனாள்லா” என்றார் அப்பா, சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல. “இந்தப் பிள்ளைக்குக் கை சும்மா கெடக்காது.”

கை சும்மா கிடக்காதாம்! என் இரண்டு கையும் அந்தக் கார் ஓடிய நேரமெல்லாம் என் மடியில்தான் கிடந்தன. சாட்சிக்கு அம்மா பக்கத்திலேயே இருந்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாசற்படியில் நின்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கீரையை முறத்தில் உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தீர்ப்பு உடனே வந்தது. அடுத்த வாரச் சனிக்கிழமை அப்பாவின் ஊரில் அசனம். புன்னக்காயலுக்குப் போகிற வழியில் ஆற்றங்கரையை ஒட்டிய சின்ன ஊர் அது. கோயில் பண்டிகையன்று ஊரே அண்டா அண்டாவாகச் சமைத்து, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். மாமா அந்தக் கூட்டத்துக்கு நடுவே பாட்டு முழங்க இந்தக் காரில் போய் இறங்கப் போகிறார். என் வகுப்பில் பாதிப் பேரிடம் நான் அதைச் சொல்லி முடித்திருந்தேன். அந்தக் காரில் எனக்கு இடமில்லையாம். வெள்ளிக்கிழமையே பக்கத்து வீட்டு சார் குடும்பத்தோடு பஸ்ஸில் போய்விட வேண்டுமாம். செய்யாத குற்றத்துக்கு நாடு கடத்தல்!

நான் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அம்மா மீனில் நடுத்துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தாள். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பிற்று. தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது, பைய, யார் காதிலும் விழாமல், “நீ செய்யலன்னு எனக்குத் தெரியும்ளா” என்றாள்.

“தெரியும்னா சொல்ல வேண்டியதுதான?”

அம்மா சிக்கெடுப்பதில் மும்முரமானாள். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருப்பவளைவிடத் தெரியாமல் திட்டுகிறவர்கள் எவ்வளவோ மேல் என்று நான் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பேட்டை அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கே வந்திருந்தார். டிக்கியைத் திறந்துவைத்து வயரைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் பக்கத்து வீட்டு சாரும் வேடிக்கை பார்த்தார்கள். அம்மா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கார்ப் பக்கமே வரக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டதால் நான் காம்பவுண்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்தேன். அண்ணாச்சி டிக்கியைச் சாத்தினார். மாமா உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு கேசட்டைப் போட்டார். சாத்திய காருக்குள் தும் தும் என்று இடிப்பது சுவர் வரைக்கும் தெரிந்தது. இடி கேட்டதா என்று அண்ணாச்சியிடம் விசாரிக்க மாமா கதவைத் திறந்தார். திறந்ததும் பாட்டு பளிச்சென்று கேட்டது, இடி போய்விட்டது. சாத்தினார், வந்தது. திறந்தார், போயிற்று. மூன்றாவது தடவை நான் சுவரிலிருந்து குதித்தேன்.

“கண்ணாடி! கண்ணாடி! நாம போவயில கண்ணாடி எறங்கி இருந்துச்சு!”

“உள்ள போ நீ” என்றார் அப்பா.

“பிள்ள என்னமோ சொல்லுதுல்லா, என்னன்னு கேப்போம் சார்” என்றார் அண்ணாச்சி. மகராசன். அந்தத் தெருவில் அன்றைக்கு இருந்த ஒரே நியாயஸ்தர் அவர்தான்.

“பஞ்சர் டியூபுல காத்தடிச்சா நிக்குமா? அந்த மாதிரிதான் இதுவும்” என்றேன். எப்படி அது என் வாயில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அண்ணாச்சி காருக்குள் ஏறி எல்லாவற்றையும் சாத்தி வைத்துக் கேட்டார். பிறகு ஒரு கண்ணாடியைப் பாதி இறக்கினார். முழுதும் இறக்கினார். எதிர்ப்பக்கத்தையும் இறக்கினார். பேஸ் படிப்படியாக இளைத்து, கடைசியில் டப்பாச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“சவம், இது எனக்குத் தோணலையே! காலம்பூரா வெட்டவெளியில மைக்கு கட்டுதவனுக்கு ஜன்னல் ஞாவகம் எங்கன வரும்? எய்யா, பேஸுங்கது காத்தப் போட்டு இடிக்கதுதான். சின்ன வண்டி, அடைச்சு வச்சா உள்ள காத்து முட்டி நிக்கும், நெஞ்சுல இடிக்கும். கண்ணாடியத் தொறந்தா இடிக்க காத்து வெளிய ஓடிரும். பிள்ள சொன்னதுதாஞ் சரி.”

மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். அப்பா “சரி, சரி” என்றார். மன்னிப்பு? அந்தச் சொல்லே எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மட்டும் புழங்குவது. ஒரு வாரமாக என்னைக் கள்ளியைப் போல நடத்தியவர்கள் ஒரு சிரிப்போடு அதை முடித்துவிடப் பார்த்தார்கள். எனக்கு அது போதவில்லை. குற்றம் என்று ஒன்று நடந்திருந்தால் குற்றவாளி என்று ஒருவர் வேண்டாமா? நான் கையை நீட்டிக் கொடிப் பக்கம் காட்டினேன்.

“அம்மாதான் எறக்குனா! ரெண்டு தடவையும் அம்மாதான்!”

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா துணிகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஆமா, நாந்தான். தலைவலி” என்றாள்.

“நீதானாக்கா அது! பாவம் இந்தப் பிள்ளயப் போட்டு வறுத்தெடுத்தேன்” என்று மாமா சிரித்தார். “இனிமே எம் வண்டியில எவரும் கண்ணாடியத் தொடக் கூடாது. அசனத்துக்கு நாலையும் ஏத்திக்கிட்டுத்தான் போறோம்.”

சனிக்கிழமை காலையில் அப்படித்தான் புறப்பட்டோம். என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது, கூடவே ஓர் உத்தியோகமும்: கண்ணாடிக்குக் காவல். சென்ட் பாட்டில் மணக்க, ஏ.சி. ஓட, பேஸ் வயிற்றில் இடிக்க, ஆற்றையும் வாழைத் தோட்டங்களையும் தாண்டிக் கார் போய்க்கொண்டிருந்தது. அம்மா ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்த்திருந்தது. ஏ.சி.யில் ஒருத்திக்கு வேர்ப்பானேன் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் கை பைய ஜன்னலின் கைப்பிடிப் பக்கம் போவதுதான் என் கண்ணில் பட்டது.

“மாமா, அம்மா எறக்குதா!”

அம்மா கையை எடுத்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. எடுத்த கையை என் தலையில் வைத்தாள். கைப்பிடியை மறைக்கிறது என்று நான் அதைத் தள்ளிவிட்டேன்.

கோயில் முற்றத்தில் கார் போய் நின்றபோது மாமா நினைத்தபடியே ஊர் திரும்பிப் பார்த்தது. கதவைத் திறந்து இறங்கிய அம்மா இரண்டு அடி எடுத்து வைத்தாள். பிறகு அடுப்புகளுக்கும் அண்டாக்களுக்கும் முன்னால், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் பார்க்க, காரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

முதலில் ஓடிவந்தது அத்தை, அப்பாவின் அக்கா. அந்த ஊரில்தான் இருந்தாள். அத்தைக்கு ஒரு செய்தி கிடைத்தால் அது ஜெபம் ஆகிவிடும். முந்தின வருஷமும் அப்படித்தான். எனக்குத் தம்பியோ தங்கையோ வரப் போகிறது என்று அப்பா அக்காவிடம் சொல்ல, இரண்டாம் மாதத்திலேயே அத்தை அதைப் பெண்கள் கூட்டத்தில் ஸ்தோத்திர ஜெபமாக ஏறெடுத்துவிட்டாள். பிறகு அம்மா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வெறும் வயிற்றோடு வந்தாள். ஜெபித்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக ஆறுதல் சொல்ல வந்தார்கள். அம்மா ஒவ்வொருத்திக்கும் காப்பி போட்டுக் கொடுத்து ஆறுதல் வாங்கிக்கொண்டாள். ஒரு மாதம் அப்படி நடந்தது.

அத்தை அம்மாவின் முதுகைத் தடவினாள். முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். “ஏளா, நாள் தள்ளிப்போயிருக்கா?”

“கார் ஒத்துக்கல மதினி.”

“எங்கிட்டயா மறைக்க?”

“மதினி, மூணு மாசம் கழியட்டும். இப்ப யார்கிட்டயும் சொல்லாதிய. உங்க தம்பிக்கே இன்னும் சொல்லல” என்றாள் அம்மா. நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. என்ன நாள், எங்கே தள்ளிப்போயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா அழுதாள். பட்டுச்சேலை பாழாய்ப் போனதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

சோறு போடுவதற்கு முன்னால் போதகர் மைக்கில் ஜெபித்தார். மழைக்காகவும் விளைச்சலுக்காகவும் ஜெபித்துவிட்டு, “எங்கள் சகோதரியின் கர்ப்பத்தின் கனியை ஆசீர்வதியும்” என்றார். அத்தைக்கு அவரிடம் போய்ச் சொல்ல அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வெட்டவெளியில் கட்டிய மைக் ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அப்பா திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தார். கும்பிட்ட கையை எடுக்காமல் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிள்ளையும் தங்கவில்லை. மூன்று வாரம்தான். காருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னாராம். அது எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதும், பாளையங்கோட்டையிலிருந்தும் ஊரிலிருந்தும் பெண்கள் ஒவ்வொருவராக ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள் என்பதும்தான். அம்மா அடுப்படியில் மறுபடியும் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

நான் வாசற்படியில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்த ஒருத்தி என் கன்னத்தைத் தொட்டு, “அம்மைக்கு என்ன மக்கா ஆச்சு? நல்லாத்தான இருந்தா?” என்று கேட்டாள்.

“அம்மாவுக்குக் கார் ஒத்துக்காது. கண்ணாடிய எறக்கி எறக்கி விட்டுருவா. பேஸ் எல்லாம் வெளிய போயிரும். நாந்தான் கண்டுபிடிச்சேன்” என்றேன்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா டம்ளரோடு வெளியே வந்தாள். முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டு, “காப்பி ஆறிரும், அவியளுக்குக் குடுளா” என்றாள்.

கொடுத்தேன், உர்ரென்று. கண்டுபிடித்தது நான் என்று அத்தனை தெளிவாகச் சொல்லியும் ஒரு வாய்ப்பேச்சுக்காவது என்னைக் கெட்டிக்காரி என்று சொல்ல அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.